பெட்டிங் செய்தேன், உண்மைதான்



போன வாரம் ஹூஸ்டனில் மகள் வீட்டு கராஜில் எடுத்த ஒரு படத்தைப் போட்டு, "மாப்பிள்ளையோடு சேர்ந்து பெட்டிங் செய்தேன்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். தங்கை மகன் முதல் ஆளாக வந்து, "மாமா, இந்த வயசுல சூதாட்டமா?" என்று கேட்டான். 1994 பேட்ச் மாணவர் ஒருவர், "சார், கிரிக்கெட்டா குதிரையா?" என்றார். தமிழில் எழுதினால் இரண்டு பெட்டிங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, என்ன செய்வது! படத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு அது துப்பாக்கி என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தான் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். "முப்பத்தி நாலு வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கையில துப்பாக்கி எதுக்கு மச்சான்?"

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்.

முதலில் ஒன்று. படத்தில் என் கையில் இருந்தது மரக்கட்டை மட்டும்தான். ஸ்டாக் என்பார்கள். தோளில் முட்டுக்கொடுக்கிற, குழலையும் மற்ற இரும்பு பாகங்களையும் தாங்குகிற வால்நட் மரக்கட்டை. இரும்புப் பக்கத்தை நான் ஒரு விரலால்கூடத் தொடவில்லை. அமெரிக்க மத்திய சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மாநிலத்தின் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். நான் வந்திருப்பது பி-2 விசா. கராஜில் கையில் எடுத்துப் பார்ப்பதெல்லாம் 'வைத்திருப்பது' ஆகுமா என்று வழக்கறிஞரோடு வாதாட எனக்கு ஆசையில்லை. இதை இங்கே உள்ள என் மாணவர்களுக்காகவும் சொல்கிறேன். எச்-1பி, எஃப்-1 எல்லாமே இதே கணக்கில்தான் வரும். நண்பர்களோடு ஜாலியாகச் சுடும் களத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியோடு படம் எடுத்துப் போடுகிற பிள்ளைகள் சிலரை நானே இந்த முகநூலில் பார்த்திருக்கிறேன். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் இதெல்லாம் தேவையா, யோசியுங்கள்.

மாப்பிள்ளை இந்நாட்டுக் குடிமகன். சட்டப்படி வாங்கியிருக்கிறார். வேட்டைக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடும் களத்தில் 100 கெஜத்தில் காகிதத்தைச் சுடுவார். அது அவருடைய பொழுதுபோக்கு. எனக்கு வீட்டில் துப்பாக்கி இருப்பது பிடிக்குமா என்றால் பிடிக்காது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். பிடிக்காத பொருள் ஒன்று வீட்டில் இருக்கிறது என்றால், அதைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ள மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அத்தானோடு நான் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். என்.சி.சி.யில் என்னோடு பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் 25 கெஜத்தில் சுட்டவர்களுக்குக் 'குரூப்பிங்' ஞாபகம் இருக்கும். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் நெருங்கி விழ வேண்டும். நெருங்கி விழுந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால் சைட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். குண்டுகளே சிதறினால் சைட்டை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. மாப்பிள்ளைக்கு இந்தச் சிதறல்தான் பிரச்சினை. அதிலும் ஒரு விசித்திரம். வெயில் காய்ந்த வாரத்தில் ஓரளவு நன்றாகச் சுடும், ஹூஸ்டனில் மழை பெய்து புழுங்குகிற வாரத்தில் கெட்டுப்போகும்.

மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையில் சிக்குவது போல. துப்பாக்கியில் இரும்பு பாகம் மரக்கட்டையின் பள்ளத்தில் இரண்டு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. அடியில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ரீகாயில் லக் என்று பெயர். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறதே, அந்த உதை முழுவதும் இந்தத் துண்டின் பின்முகம் வழியாகத்தான் மரத்துக்குப் போகிறது. அந்த முகம் மரத்தில் முழுதாகப் பதியாமல் ஒரு ஓரம் மட்டும் முட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு உதைக்கும் இரும்பு ஒவ்வொரு விதமாக உட்காரும். எவ்வளவு நகர்ந்தால் கெடும்? கணக்குப் போடுங்கள். 100 கெஜம் என்றால் 3,600 அங்குலம். குழல் 24 அங்குலம். அதன் நுனி ஓர் அங்குலத்தில் 150-இல் ஒரு பங்கு விலகினால், இலக்கில் ஓர் அங்குலம் விலகிவிடும். நோட்டுத் தாள் இரண்டை அடுக்கிய கனம்தான் அது.

இதற்கு மருந்து, இரும்பு உட்காரும் பள்ளத்தில் கொஞ்சம் மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, எப்பாக்சியைப் போட்டு, அதன்மேல் இரும்பையே அச்சாகப் பதித்து இறுகவிடுவது. இறுகிய பிறகு இரும்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஒரு படுக்கை கிடைக்கும். அதனால்தான் பெட்டிங். கிரிக்கெட்டும் இல்லை, குதிரையும் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அஷ்டபந்தனம் ஒன்று போதும். கும்பாபிஷேகத்தின்போது மூலவருக்கும் பீடத்துக்கும் இடையில் சாத்துகிற மருந்து. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டையும் இடித்து இடித்துப் பதமாக்குவார்கள். கல் கல்லோடு அசையாமல், இடுக்கில் தண்ணீர் இறங்காமல் பதிய வேண்டும் என்பதுதான் அங்கேயும் நோக்கம். சாமியையும் துப்பாக்கியையும் ஒப்பிடுகிறானே என்று யாரும் கோபிக்க வேண்டாம், நான் ஒப்பிடுவது மருந்தை. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே ஒட்ட வேண்டும். இங்கே பதிய வேண்டும், ஆனால் ஒட்டவே கூடாது. கஷ்டமெல்லாம் அந்த ஒரு 'கூடாது'வில்தான் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை ஏழெட்டு வீடியோ பார்த்து முடித்து, டப்பாவையும் வாங்கி வைத்துவிட்டார். "சனிக்கிழமை போட்டுடலாம் மாமா" என்றார். அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று பார்க்க கராஜ் அலமாரியைத் திறந்தேன். எப்பாக்சி டப்பாவுக்குப் பக்கத்தில் தோட்டாப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் பேத்தியின் நீர்க்குமிழி விடுகிற பாட்டில். துப்பாக்கி எங்கே என்றால், மாடியில் துணி அலமாரியின் மேல்தட்டில்.

"பாப்பாவுக்கு எட்டாது மாமா."

பேத்திக்கு ஆறு வயது. நாங்கள் வந்த மூன்றாம் நாளே, ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்திருந்த அச்சுமுறுக்கு டப்பாவை நாற்காலி போட்டு எடுத்து, பாதியைக் காலி செய்துவிட்டு, நாற்காலியைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தவள் அவள். அதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நான் சொல்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. மாமனார் சொன்னால் எடுபடும், மனைவி சொன்னால் எடுபடாது என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

2020-இல் இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கான காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது, சாலை விபத்தைத் தாண்டி. கொலையும் தற்கொலையும் விபத்தும் சேர்ந்த கணக்கு அது. டெக்சாஸ் சட்டத்திலேயே, 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு, எடுத்த எடுப்பில் சுடக்கூடிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டால் அது குற்றம். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு சரியாக இல்லை என்று தூக்கம் கெடுகிற மனிதர், அதே பொருளைத் துணிக்கு நடுவில் பூட்டாமல் வைக்கிறார். இதை எந்தத் துல்லியத்தில் சேர்ப்பது? நான் அவரிடம் கோபமாகப் பேசவில்லை. "பெட்டி வாங்கிச் சுவரோடு முடுக்குங்க மாப்பிள்ளை, அப்புறம் கட்டையைத் தொடுவோம்" என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் ஆயிற்று. இரும்புப் பெட்டி வந்து சுவரில் முடுக்கியாயிற்று. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, தனி இடம். அந்தப் பத்து நாளும் எப்பாக்சி டப்பா திறக்கப்படவில்லை. என்னை வைகிறவர்கள் இந்தப் பத்து நாளையும் சேர்த்து வைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தகராறு, அளந்து பார்ப்பதா வேண்டாமா என்பது. வீடியோவில் பார்த்ததைச் செய்ய வேண்டும் என்ற அவசரம் மாப்பிள்ளைக்கு. குறை கட்டையில்தானா என்று தெரிய வேண்டாமா? தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்தாலும் குண்டு சிதறும். தோட்டாவை மாற்றினாலும் சிதறும். சுடுகிறவர் மூச்சை எக்குத்தப்பாக விட்டாலும் சிதறும். ஆகவே முதலில் தொலைநோக்கித் திருகாணிகளைச் சரிபார்க்கச் சொன்னேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. பிறகு ஒரே பெட்டித் தோட்டாவில், ஒரே மணல்மூட்டை மேல் வைத்து, ஐந்தைந்தாக ஐந்து குரூப் சுட்டு, காகிதங்களில் தேதி போட்டு வைத்தோம். சராசரி மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. கடைசியாக ஒரு சோதனை. கட்டையின் முன்நுனியையும் குழலையும் சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டு, முன் திருகாணியை மெல்லத் தளர்த்த வேண்டும். ஒன்றும் அசையாவிட்டால் இரும்பு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அவர் தளர்த்தினார், குழல் துள்ளி எழுந்தது, விரலுக்கே தெரிந்தது. இரும்பை வில்லாக வளைத்துத்தான் இத்தனை நாளும் இறுக்கி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இது தெரியாமலே டப்பாவைத் திறந்திருந்தால், நன்றாக இருந்த ஒரு கட்டையைக்கூடக் கெடுத்திருக்கலாம்.

எப்பாக்சியைப் பற்றி வேதியியல் வாத்தியாராகச் சொல்லாமல் விட முடியாது. அது பசை மாதிரி காய்வது இல்லை. ரெசினும் ஹார்டனரும் மூலக்கூறுக்கு மூலக்கூறு கைகோத்து வினைபுரிகின்றன. ஹார்டனரைக் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தப்பு. கைகோக்க ஆள் கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, கட்டி மெத்தென்று ஆகிவிடும். நம் கடற்கரையில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்கள் வெயிலைப் பார்த்துச் சொட்டுக் கணக்கைக் கூட்டிக் குறைப்பார்களே என்று கேட்காதீர்கள். அது பாலியெஸ்டர் ரெசின், அங்கே சேர்ப்பது வினையைத் தொடங்கி வைக்கிற பொருள், அளவில் கொஞ்சம் முன்னேபின்னே தாங்கும். இது தாங்காது. மாப்பிள்ளை வாங்கியது இரும்புத் தூள் கலந்த டெவ்கான். எடையில் 9-க்கு 1. அவர் குச்சியால் "ஏறக்குறைய" எடுக்கப் போனார். மகளின் கேக் தராசைக் கொண்டுவந்து 45 கிராமுக்கு 5 கிராம் நிறுத்தேன். தராசு இனி கேக்குக்கு ஆகாது. அதற்கான வசவை நான் தனியாக வாங்கிக்கொண்டேன்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் தோல் தடித்துக்கொள்ளும். கராஜ் கதவைத் திறந்து வையுங்கள். வழிந்ததை இறுகுவதற்கு முன் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். ஹார்டனர் காரத்தன்மை உள்ளது, வினிகர் அமிலம், ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.

இனி அந்த 'ஒட்டக் கூடாது'. இரும்பு முழுவதும் நிறமில்லாத கிவி ஷூ பாலிஷ், காயவிட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மூன்று பூச்சு. மெழுகு பூசினால் மட்டும் போதாது. இரும்பில் உள்ள ஓட்டை, பள்ளம் எதிலாவது எப்பாக்சி புகுந்து இறுகினால், அது ஒட்டாவிட்டாலும் கொக்கி மாட்டினது போல மாட்டிக்கொள்ளும். மரத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே எல்லா ஓட்டையிலும் பேத்தியின் விளையாட்டுக் களிமண். நீல நிறம். ரீகாயில் லக்கின் முன்முகம், பக்கங்கள், அடி எல்லாவற்றிலும் டேப் ஒட்டி, பின்முகத்தை மட்டும் வெறுமையாக விட்டோம். மற்ற பக்கங்களில் மயிரிழை இடைவெளி இருந்து, உதையை வாங்கும் பின்முகம் மட்டும் பதிய வேண்டும். போல்ட், டிரிகர், மேகசின் எல்லாம் முன்பே கழற்றியாயிற்று.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். கட்டையில் இறக்கியதும் திருகாணியைப் போட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிடுகிறார்கள். எப்பாக்சிக்கு நல்லது கெட்டது தெரியாது. இரும்பு வளைந்த நிலையில் இருந்தால் வளைந்த நிலையையே அச்செடுத்து வைத்துக்கொள்ளும். வந்த நோயை நிரந்தரமாக்கினதுதான் மிச்சம். தலையில்லாத நீளத் திருகாணியை வழிகாட்டியாக மட்டும் வைத்து, ரப்பர் வாரால் லேசாகக் கட்டி, தன் கனத்தில் தானே உட்கார விட வேண்டும். இதற்கு மட்டும் மாப்பிள்ளையோடு ஒரு மணி நேரம் வாக்குவாதம்.

இவ்வளவு பேசிய நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வழிகாட்டித் திருகாணிகளுக்கு மெழுகு பூசும் வேலை என்னுடையது. ஒன்றுக்குப் பூசினேன். இன்னொன்றை எடுக்கும்போது பேத்தி களிமண் கேட்டு வந்தாள், பேச்சில் மறந்துவிட்டேன். மறுநாள் முன் திருகாணி அசையவில்லை. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். நல்ல வேளை, சூடானால் எப்பாக்சி இளகும். சால்டரிங் அயர்னைத் திருகாணியின் நுனியில் சில நிமிஷம் வைத்து, மெல்லத் திருப்ப, 'டக்' என்று ஒரு சத்தம், வந்துவிட்டது. "வாத்தியாருக்கு அம்பதுக்கு நாப்பத்தொம்பது" என்றாள் என் வீட்டுக்காரி. ஒரு மார்க் குறைந்ததே என்றுதான் நான் நினைத்தேன், பழக்கதோஷம்.

வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு என் கருத்து இதுதான். இங்கே, சட்டப்படி வைத்திருப்பவர், அளந்து பார்த்துக் குறை தெரிந்த பிறகு, கட்டை வேலையை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். தப்பினால் போவது மரம். கன்ஸ்மித்திடம் கொடுத்தாலும் தப்பில்லை, அவர் உழைப்புக்குக் காசு. ஆனால் டிரிகரையோ போல்ட்டையோ வீடியோ பார்த்து நோண்டுவது வேறு. அங்கே தப்பினால் போவது மரமல்ல. மாப்பிள்ளை டிரிகரை இலகுவாக்கலாமா என்று அடுத்து ஆரம்பித்தார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன். நம் நாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும். எஸ்டேட்டில் அப்பா காலத்துத் துப்பாக்கி இருக்கிறது என்று இன்பாக்சில் கேட்ட தம்பி, நீ உரிமம் பெற்ற கடைக்காரரிடமே கொண்டு போ.

நல்ல மழை பெய்து புழுக்கமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே அந்த நாளில், களத்துக்குப் போனோம். அதே தோட்டா, அதே மணல்மூட்டை, ஐந்து குரூப். சராசரி ஒன்றரை அங்குலம். ஒரு துப்பாக்கி, ஒரு மனிதர், ஒரு நாள், இதை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். பத்து நாள் காத்திருந்ததில் அவர் நிதானம் கூடியிருக்கலாம். கோடையிலும் இதே எண்ணிக்கை வரட்டும், பார்ப்போம். நான் பின்னால் பெஞ்சில் காதடைப்பானோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாப்பிள்ளை திரும்பி, "ஒரே ஒரு ரவுண்டு சுடுங்க மாமா" என்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய என்.சி.சி. கை துறுதுறுத்தது, பொய் சொல்லக் கூடாது. விசாவை நினைத்துக் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டேன். காகிதத்தில் ஓட்டை எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி முதலில் இரும்புப் பெட்டிக்குப் போனது, பிறகுதான் செருப்பைக் கழற்றினார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கமெண்டில், ரைஃபிள் கிளப்பில் பழகுகிற 2007 பேட்ச் பையன், "சார், என் ஏர் ரைஃபிளுக்கு அரால்டைட் போதுமா?" என்று கேட்டிருக்கிறான். போதுமா என்பது இருக்கட்டும், உனக்கு அது தேவையா? முதலில் கட்டையைப் பிடித்திருக்கிற திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார். பிறகு ஒரே டப்பா பெல்லட்டில் ஐந்து குரூப் சுட்டு, காகிதங்களில் தேதி போட்டுப் படம் அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.